பாடியவரும் குறுக்கே பேசியவரும்

கிருஷ்ணன்-பஞ்சு என்ற இயக்குநர் இணை ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு படங்களைத் தந்தது. 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாயகன். 1954 தீபாவளிக்கு வந்த ‘இரத்தக்கண்ணீர்’ எம்.ஆர்.ராதாவின் படம். இரண்டிலும் ஊர் நம்புவதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளாத ஒரு நகைச்சுவைக் கலைஞர் நடுவில் நிற்கிறார். இருவரும் சுயமரியாதைக் காற்றைச் சுவாசித்தவர்கள், நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். ராதா 1907இல் பிறந்தார், கலைவாணர் 1908இல். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இவர்களின் சந்தேகம் ஒரே வகையானதல்ல.

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வயதான ஒரு தமிழரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ராதாவின் வசனம் அந்தக் கரகரத்த குரலோடு உடனே வரும். கலைவாணரின் பாட்டுக்குச் சற்று யோசிப்பார்கள். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்திலும், கதை வசன ஒலிநாடாக்கள் வீடுகளுக்கு வந்த பிறகும் இங்கே ராதாவின் கை ஓங்கியிருந்தது. அந்தக் குரலின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றை அறிந்தவர்கள் இந்த இரண்டு சந்தேகங்களையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டாட முடியாது. சில இடங்களில் கலைவாணரே சரி. சில இடங்களில் ராதா இல்லாமல் ஆகாது. ஓரிடத்தில் ராதா செய்தது தீங்கு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டிலிருந்து தொடங்கலாம், இருவரும் பிரியும் இடம் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. கலைவாணர் பாடுகிறவர். நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரிக்காரர். வில்லுப்பாட்டு அவருக்கு ஊர்ச் சொத்து. தனக்குப் பிடிக்காத ஒன்றைக் கண்டால் அதன் இசையை எடுத்துக்கொண்டு உள்ளே வேறு கதையை வைப்பது அவர் வழி. ‘நல்லதம்பி’யில் வரும் கிந்தனார் காலட்சேபம் இதற்குச் சிறந்த சான்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைத் தமிழுலகம் உருகி உருகிக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. உடுமலை நாராயணகவியின் எழுத்தோடு கலைவாணர் பாகவதராக நின்று அதே காலட்சேப வடிவில் கிந்தனின் கதையைச் சொல்கிறார். நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை, கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. அவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துப் பெரிய அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பக்தியை ஒரு சொல்லாலும் இழிவு செய்யாமல், தீக்குளித்துத்தான் ஒருவன் தூய்மையாக வேண்டும் என்ற பழைய முடிவை அவர் மாற்றிவிட்டார். கேட்டவர்கள் காலட்சேபத்தை ரசித்தபடியே அதைச் சந்தேகிக்கவும் கற்றார்கள்.

ராதா பாடமாட்டார். ‘இரத்தக்கண்ணீ’ரின் புகழ்பெற்ற பாடலைப் பாடுகிறவர் சி.எஸ்.ஜெயராமன். குற்றவாளிக்கு நிம்மதி உண்டா என்று அந்தக் கனத்த குரல் கேட்டுக்கொண்டே போக, ராதா நடுநடுவே புகுந்து தன் பாட்டுக்குப் பேசுகிறார். பாட்டு ஒரு பக்கம் நீதி சொல்கிறது, அந்த நீதிக்கு ஆளானவன் இன்னொரு பக்கம் முனகுகிறான், நொந்துகொள்கிறான். பாட்டை உடைக்கிற இந்த உத்தியைத் தமிழ்த் திரையில் அவ்வளவு துணிச்சலாக அதற்கு முன் யாரும் செய்து நான் கேட்டதில்லை. பாடலின் உருக்கத்தில் நாம் கரைந்துவிடாதபடி அந்தப் பேச்சு நம்மைப் பிடித்து இழுக்கிறது.

இந்த நாட்டில் ராப் என்னும் புதுப்பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பை இந்த இருவரையும் வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 1998இல் பொயட்டிக் அம்மோ குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டபோதும், 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோதும் பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பாட்டின் நடுவே பேசுவது பாட்டா என்பதே முதல் கேள்வி. ஆனால் ‘வல்லவன்’ தொகுப்பின் ‘மடை திறந்து’ என்ன செய்தது? ‘நிழல்கள்’ (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாடலை எடுத்துக்கொண்டது. திரையில் அது வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளம் இசைக்கலைஞன் ஒருவனின் பாடல். மலேசிய இளைஞர்கள் அதற்குள் தங்கள் காத்திருப்பை வைத்தார்கள். தமிழகத்தின் பெரிய சந்தை திரும்பிப் பார்க்காத ஊரிலிருந்து, தமிழகத்தின் மிகப் பெரிய இசையமைப்பாளரின் மெட்டின் மேல் ஏறி நின்று, நாங்களும் இருக்கிறோம் என்றார்கள். பழைய வடிவத்துக்குள் புதிய கதையை வைத்தது கலைவாணரின் வேலை. பாட்டின் குறுக்கே பேச்சை விட்டது ராதாவின் வேலை. ‘வல்லவன்’ இரண்டையும் ஒன்றாகச் செய்தது. புதுப்பாட்டைச் சந்தேகித்த பெரியவர்கள் தாங்கள் கொண்டாடிய இரு கலைஞர்களின் வாரிசுகள் எதிரே நிற்பதைக் கவனிக்கவில்லை என்பது என் வருத்தம்.

குடிக்கு வருவோம். இங்கே கலைவாணரோடு நிற்கிறேன். அவர் திரைக்கு வந்த தொடக்கக் காலப் படங்களில் ஒன்று எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936). குடிமயக்கத்தில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பும் நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். குடியும் தோட்டமும் ஒரே கதைக்குள் வந்த படம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் கலைவாணர் மீண்டும் மதுவிலக்கைக் கையில் எடுத்தார். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு 1948 அக்டோபர் 2இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டம் செய்ய முடியாத வேலையைச் சிரிப்பு செய்ய வேண்டியிருந்த நேரம். எதிர்பாராமல் பெருஞ்சொத்துக்கு வாரிசான ஓர் எளிய மனிதனாக அவர் வருகிறார். குடிகாரனை அவர் அடிப்பதில்லை, அவமானப்படுத்துவதில்லை. கூட உட்கார்ந்து, அவனையே சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பினூடே காசு எங்கே போகிறது என்று காட்டுகிறார்.

இந்த அணுகுமுறையின் அருமை கிள்ளான்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பால்மரம் சீவிச் சம்பாதித்த கூலி லயத்துக்கு வந்து சேரும் முன்பே அங்கே கரைந்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவர்கள் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்க வேண்டும் என்பது இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் இருந்தது. முன்னின்றவர் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன். அவர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

குடியை விட வேண்டும் என்று ஒரு தோட்டத் தொழிலாளிக்கு வெளியிலிருந்து யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. அவனே கேட்டான், சுடப்பட்டான். அப்படிப்பட்டவன் முன்னால் போய் நின்று ‘குடிகாரப் பயலே’ என்று சிரிப்பது கொடுமை. கள் விற்றவனின் லாபத்தை நோக்கிச் சிரிப்பைத் திருப்ப வேண்டும், குடித்தவனிடம் கனிவு காட்ட வேண்டும். கலைவாணர் அந்தத் தோட்டங்களைப் பார்த்து இதைச் செய்யவில்லைதான். இருந்தாலும் அந்த லயங்களில் தேவைப்பட்டது அவருடைய சிரிப்பு. பின்னாளில் தோட்டம் கலைந்து நகர்ப்புற வீடமைப்புகளுக்கு வந்த குடும்பங்களைச் சம்சு என்ற மலிவுச் சாராயம் தொடர்ந்து வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மது பலரைக் கொன்றது. இறந்தவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். தோட்டத்தில் நம்மவர்கள் இருந்த இடத்தில் இப்போது வேறு நாட்டு ஏழைகள் இருக்கிறார்கள்.

ராதா செய்த தீங்கு என்று நான் குறிப்பிட்டது நோயைப் பற்றியது.

‘இரத்தக்கண்ணீர்’ மோகனசுந்தரம் வெளிநாடு போய்த் திரும்பிய பணக்காரன். ஊரை இகழ்கிறான், தாயை இகழ்கிறான், மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டு காந்தாவிடம் போகிறான். தொழுநோய் வருகிறது. சொத்து போய்க் கண் போய்த் தெருவில் பிச்சை எடுக்கிறான். திருவாரூர் தங்கராசு எழுதிய இந்த நாடகத்தை ராதா படத்துக்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் மேடையேற்றினார். இறுதியில் மோகன் தன் நண்பன் பாலுவிடம் சந்திராவை மணந்துகொள்ளச் சொல்கிறான். 1954இல் ஒரு மனைவியின் மறுமணத்தைக் கணவன் வாயாலேயே கேட்க வைத்தது பெரிய துணிச்சல். நோயுற்ற தன் உருவத்துக்குச் சிலை வைத்து உலகத்துக்குக் காட்டு என்றும் கேட்கிறான். பணக்காரத் திமிரை இதைவிடக் கடுமையாக எந்தத் தமிழ்ப் படமும் தண்டித்ததில்லை.

ஆனால் தண்டனைக்கு எடுத்துக்கொண்ட கோல் ஒரு நோய். தொழுநோய் பாலுறவால் வருவதில்லை. அது ஒரு கிருமியால் வருவது என்பதை ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். நெடுநாள் நெருங்கிப் பழகியவர்களில்கூடப் பெரும்பாலோரை அது தொற்றுவதில்லை. இந்தப் படம் வந்தபோது சல்போன் மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. கடவுள் தண்டிப்பார் என்பதை மேடைதோறும் கேலி செய்த பகுத்தறிவாளர், ஒழுக்கம் தவறியவனை நோய் தண்டிக்கும் என்ற கதையை ஆண்டுக்கணக்கில் நடித்தார். அவருடைய சந்தேகம் இந்த ஒரு நம்பிக்கையின் மேல் மட்டும் விழவில்லை. தமிழ்நாட்டில் இந்தக் குறையை யார் எப்படி எடுத்துக்கொண்டாலும் கோலாலம்பூரில் வாழ்கிறவர்கள் கடந்து போக முடியாது. ஏனென்றால் சுங்கை பூலோ இங்கே இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் டிராவர்ஸில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறோம். அந்தச் சாலையின் பெயருக்குரியவர் சிலாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் இ.ஏ.ஓ.டிராவர்ஸ். தொழுநோயாளிகளைச் சிறை போன்ற விடுதிகளில் அடைத்து வைத்திருந்ததைப் பொறுக்காமல், அவர்கள் மனிதர்களாக வாழ ஒரு குடியிருப்பு வேண்டும் என்று முயன்றவர். 1930இல் சுங்கை பூலோ பள்ளத்தாக்கில் அந்தக் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிறு சிறு வீடுகள், தோட்டம், பள்ளி, வழிபாட்டிடங்கள் எல்லாம் இருந்தன. உலகின் மிகப் பெரிய தொழுநோய்க் குடியிருப்புகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. சல்போன் மருந்துக்குக் கிருமி பணியாமல் போவதை 1964இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய ஆய்வும் இங்கே இருந்த நோயாளிகளைக் கொண்டு நடந்ததுதான். இன்று தொழுநோயைக் குணப்படுத்தும் கூட்டுமருந்து சிகிச்சைக்கு அந்தக் கண்டறிதல் ஒரு படி.

அதே குடியிருப்பில் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். நோய் என்று தெரிந்தால் சட்டம் பிடித்துக்கொண்டு வந்து அடைத்தது. வீட்டார் பெயரை மறைத்தார்கள். குணமானவர்களும் திரும்பிப் போக வீடில்லாமல் அங்கேயே முதுமையடைந்தார்கள். அவர்கள் தொடங்கிய செடி வளர்ப்புத் தோட்டங்களுக்குத்தான் கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் இன்றும் வார இறுதியில் பூச்செடி வாங்கப் போகின்றன. அந்த மக்களில் தமிழர்களும் இருந்தார்கள். அவர்கள் எந்தக் காந்தாவையும் தேடிப் போனவர்கள் அல்லர். அவர்கள் நோயைப் பாவத்தின் கூலியாக்கி வெளியில் ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. ராதாவின் நடிப்பில் இரக்கம் இருக்கிறது, அந்தக் கடைசிக் காட்சிகளில் கண் கலங்காதவர் இல்லை என்று அவர் பக்கம் நிற்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது தன் தவறை உணர்ந்த மோகனுக்குக் கிடைத்த இரக்கம். தவறே செய்யாதவனுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

இதைப் பழங்கதை என்று தள்ள முடியவில்லை. மலேசியாவில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நம் வீடுகளில் இனிப்புநீர் என்று சொல்லப்படும் இந்த நோயைப் பற்றி மேடையில் வரும் சிரிப்புகளைக் கவனித்தால், பெரும்பாலும் ராதா வழியே தெரிகிறது. வயிற்றைக் காட்டுகிறார்கள், ஆறாத காலைக் காட்டுகிறார்கள், தே தாரேக்கில் சர்க்கரை கூட்டிக் கேட்பவரை முட்டாளாக்குகிறார்கள். ஒரு பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை போகிறது, மலிவான சாப்பாடு ஏன் மாவாகவும் எண்ணெயாகவுமே இருக்கிறது, இரவு வேலைக்குப் போகும் பாதுகாவலர் எப்போது சாப்பிடுவார் என்று கேட்கும் சிரிப்பு அரிது. நோயாளி ஏற்கெனவே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வெட்கத்தால்தான் பலர் இரத்தப் பரிசோதனைக்கே போவதில்லை.

சினிமா மோகத்தில் மட்டும் என் மனம் ராதா பக்கம் சாய்கிறது.

கலைவாணர் சினிமாவை நேசித்தவர், அதன் மனிதர்களுக்கு வாரி வழங்கியவர். சினிமாவைச் சுற்றிய வம்புப் பசியால் அவர் வாழ்க்கை குலைந்தது. நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்த ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ இதழ்களின் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் குத்திக் கொல்லப்பட, தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். பிரிவி கவுன்சில் வரை போன வழக்கிலிருந்து 1947 ஏப்ரலில்தான் மீண்டார்கள். பாகவதரின் புகழ் பிறகு எழவே இல்லை. கலைவாணர் எழுந்தார், ‘நல்லதம்பி’ எடுத்தார், 1957இல் நாற்பத்தெட்டு வயதில் மறைந்தார். அந்த வம்பு இதழ்களை வாங்கிப் படித்த ரசிகர்களை அவர் கடைசிவரை நோகடிக்கவில்லை. அது அவர் பெருந்தன்மை. ஆனால் நட்சத்திர வழிபாட்டின் முன் அந்தப் பெருந்தன்மை போதாது.

ராதா ரசிகனையே பிடித்து உலுக்கினார். மேடையில் நாடகத்தின் நடுவே அன்றைய செய்தியை இழுப்பார், முன்வரிசைக்காரருக்குப் பதில் சொல்வார், நடிகன் கூலிக்கு நடிக்கிறான் என்பார். பார்த்து ரசி, தலையில் தூக்கி வைக்காதே என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம். அந்த வாய்க்குப் பயந்து 1954இல் சென்னை அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அவருடைய இராமாயண நாடகம் தடைபட்டது. எழுபது ஆண்டு ஆகியும் மேடைக்கு விலங்கு போடும் ஆசை எந்த ஊரிலும் ஓயவில்லை. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருந்த கிராக்ஹவுஸ் நகைச்சுவை மன்றத்தின் உரிமத்தை மாநகராட்சி மன்றம் 2022இல் பறித்தது. கவின் ஜே போன்ற மலேசிய இந்தியக் கலைஞர்கள் ஆங்கிலத்தில் பேசி, 2018இல் நெட்பிளிக்ஸ் வரை போயிருக்கிறார்கள். வீடியோ நாடாக் காலத்தில் வளர்ந்த கதையைக் கவின் சொல்லும்போது நம் தலைமுறை சிரிக்கிறது. தமிழில் அந்தத் துணிச்சல் இங்கே மேடையேறுவது அபூர்வம்.

1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் ராதா சிறை சென்று 1971இல் வெளியே வந்தார். சினிமா உலகத்தின் பொருட்டுச் சிறை கண்ட இரண்டாவது நகைச்சுவைக் கலைஞர் என்றாலும், கலைவாணரின் வழக்கோடு இதை இணைவைக்க முடியாது. அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானவர், இவர் தண்டனை முடித்து வந்தவர். பிறகு ராதா மலேசியாவுக்கு வந்து பேசினார். அந்த மேடைப் பேச்சின் ஒலிப்பதிவு இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. வழிபடப்பட்ட ஒரு நடிகரைச் சுட்டவர், நடிகர்களை வழிபடும் கூட்டத்தின் முன் நின்று, நடிகனை வழிபடாதே என்கிறார். சொல்லும் தகுதி அவருக்கு உண்டா என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதுதான். சொல்ல வேறு யாரும் வரவில்லை என்பது முதலாவது. 2018 ஜனவரியில் தென்னிந்திய நடிகர் சங்கம் புக்கிட் ஜாலில் அரங்கில் நட்சத்திர விழா நடத்தியபோது ரஜினியும் கமலும் வந்தார்கள், நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டார்கள். வரவேற்பு உண்டு, பாட்டு உண்டு, மிமிக்ரி உண்டு. வந்தவர்களைப் பார்த்து, இவ்வளவு தூரம் இவ்வளவு காசு கொடுத்து எதற்காக வந்தீர்கள் என்று அன்போடோ கோபத்தோடோ கேட்கக்கூடிய ஒரு கலைஞர் அந்த மேடைக்கு அழைக்கப்படுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே மக்களிடம் ‘ஜகாட்’ (2015) போன்ற, இந்த மண்ணின் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிய படத்துக்கு எத்தனை பேர் டிக்கெட் எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தால், ராதாவின் குரலில்தான் கேட்டிருக்க வேண்டும்.